நான்காம் வரி

மார்ச் 3, செவ்வாய்

பால் காய்வதற்குள் அக்கா ஃபோன் செய்துவிட்டாள். தினமும் இப்படித்தான். அவள் தன் லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து முதல் காபியைக் குடிக்கும் நேரமும் நான் அடுப்படியில் பாலுக்குக் காவல் நிற்கும் நேரமும் ஒன்று. பேச்சில் சாரம் ஒன்றும் இருக்காது. எந்த அறைக்காரர் குறட்டை விட்டார், யார் துண்டைத் தூக்கிக்கொண்டு போனார், என் முட்டி வலி எப்படி இருக்கிறது, எண்ணெய் தேய்த்தேனா, தேய்த்தேன் என்று பொய் சொல்கிறேனா.

முட்டி வலி தொழில் கொடுத்த பரிசு. ஓட்டுநர் பள்ளிக் காரில் பயிற்சியாளர் பக்கத்துக்கும் ஒரு பிரேக் உண்டு. எத்தனை பேர் உயிரை அந்த பிரேக்கில் காப்பாற்றியிருக்கிறேன்! அந்த நன்றிக்குத்தான் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு என்னை மாகாணப் பேரவைக்கு அனுப்பினார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இப்போது பள்ளியை இவர்தான் நடத்துகிறார். சாயங்காலம் வீடு திரும்பும்போது முகத்தில் ரத்தமே இருப்பதில்லை.

இன்று அக்கா புதிதாக ஒன்று கேட்டாள்.

"ஏண்டி, ரூமுக்கு ஏதோ வரி போடப் போறீங்களாமே?"

"மசோதாவே இன்னும் வரலைக்கா."

"வந்தா?"

நல்லவேளை, பால் பொங்கியது. ஃபோனை வைத்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

மசோதா வந்துவிட்டது.

கதை இதுதான். எங்கள் மாகாணத்துக்கு வருஷா வருஷம் தலைநகரத்திலிருந்து மானியம் வரும். நாங்களும் வருஷா வருஷம் "பிச்சை வேண்டாம், வரி போடும் உரிமையைக் கொடு" என்று மேசையைத் தட்டுவோம். நான் தட்ட ஆரம்பித்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சில பேர் தட்டித் தட்டியே தலை நரைத்தவர்கள். இந்த வருஷம் தலைநகரத்துக்காரர்கள் மானியத்தைக் கணிசமாக வெட்டிவிட்டு, "இந்தாருங்கள் உரிமை, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்று கொடுத்துவிட்டார்கள். கேட்டது கிடைத்த அதிர்ச்சியில் அவை முழுவதும் ஆளாளுக்கு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நிதி அமைச்சர் எழுந்தார். தொண்டைக் கமறலுக்காக எப்போதும் வாயில் ஒரு புதினா மிட்டாயை ஒதுக்கி வைத்திருப்பார். அதனால் எங்களுக்குள் அவர் பெயர் மிட்டாய். "கேட்டோம், கொடுத்துவிட்டார்கள். இனிமேல் திட்டுவதற்கு வெளியில் ஆள் இல்லை" என்று ஆரம்பித்தார். எதிர்வரிசை உறுப்பினர் ஒருவர், தொழிலில் வக்கீல், "கண்ணாடி இருக்கிறதே!" என்றார். மிட்டாயே சிரித்துவிட்டார்.

நான்கு வரிகள். பூட்டியே கிடக்கும் வீடுகளுக்கு ஒன்று. கடைத்தெருவில் நிறுத்தும் வண்டிகளுக்கு ஒன்று. குப்பைக்கு ஒன்று. நான்காவது, விடுதிகளில் தங்குகிறவர்கள் ராத்திரிக்கு இவ்வளவு என்று கொடுக்க வேண்டிய தங்கல் வரி. நான்கிலும் அதுதான் பெரியது. அது வந்தால் மாலை நேரப் பேருந்துகள் ஓடும். இல்லாவிட்டால் இருட்டிய பிறகு ஒரு வண்டியும் கிடையாது என்று மிட்டாய் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்.

விவாதத்தில் ஒரு வேடிக்கை. பழைய உறுப்பினர்கள் மசோதாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இரண்டாம் பிரிவு, ஏழாம் அடி", "ஐந்தாம் பிரிவு, முதல் அடி" என்று பேசுகிறார்கள். அடியாம்! செய்யுளா நடத்துகிறார்கள்? மனுஷன் பேசுகிற மாதிரி வரி என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? இந்த அவைக்குள் வந்ததும் எல்லோருக்கும் நாக்கில் புலவர் ஏறி உட்கார்ந்துவிடுகிறார்.

மார்ச் 6, வெள்ளி

அக்கா மசோதாவை எப்படியோ வாங்கிப் படித்துவிட்டாள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு எழுத்து விடாமல். எங்கள் வரிசையிலேயே பாதிப் பேர் அவ்வளவு படித்திருக்க மாட்டார்கள்.

"மூணாம் பிரிவைப் பாத்தியா?"

"பாத்தேன்கா."

"என்ன பாத்தே? ஏரிக்கரைல நிக்குதே பெரிய ஓட்டல், அதுக்கு அஞ்சு வருஷம் விலக்காம். நூறு ரூமுக்கு மேல இருந்தா விலக்கு. எனக்கு இருக்கறது ஒன்பது ரூம். நான் மட்டும் வரி வாங்கிக் கட்டணும். இதுதான் நீ கிழிக்கிற கிழியா?"

நான் நிஜமாகவே அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் பிரிவில் மேலே ஒரு பத்தி, கீழே எண் போட்டு நான்கு வரிகள். எண் போட்டதை மட்டும் படித்துவிட்டு மேலே இருந்ததைத் தாண்டிவிட்டேன். அந்தப் பத்தியின் நான்காவது வரியில், கண்ணுக்குத் தெரியாத மாதிரி, "நூறு அறைகளுக்கு மேற்பட்ட விடுதிகள் நீங்கலாக" என்று உட்கார்ந்திருக்கிறது.

வரி மட்டும் என்றால் பரவாயில்லை என்று அக்கா சொல்லவே இல்லை. வரியும் வேண்டாம்தான் அவளுக்கு. ஆனால் விலக்குதான் அவளை அதிகமாகக் கிளப்பிவிட்டது. ஃபோனை வைப்பதற்கு முன்னால் முட்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

மார்ச் 7, சனி

ஃபோன் இல்லை.

மார்ச் 9, திங்கள்

இன்றும் இல்லை. நானே கூப்பிட்டேன். "ரூம் காலி இல்லைங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். என் குரல் அவளுக்குத் தெரியாதா?

சரி, உட்கார்ந்து புலம்பி என்ன ஆகப் போகிறது. மிட்டாயைத் தாழ்வாரத்தில் மடக்கினேன். ஒன்பது அறைக்காரர் கட்டுவார், முந்நூறு அறைக்காரர் கட்ட மாட்டார் என்றால் நாளைக்கு நான் எந்த முகத்தோடு தெருவில் நடப்பது என்று கேட்டேன். அவர் மிட்டாயை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "எனக்கும் பிடிக்கலைதான். மேலேருந்து சொன்னாங்க. நீங்க திருத்தம் கொண்டுவாங்க, நான் எதுக்க மாட்டேன்" என்றார்.

எங்கள் வரிசைக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் போய், பெரிய ஓட்டலின் விலக்கை எடுக்கத் திருத்தம் கொண்டுவருகிறேன் என்று விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

திருத்தத்தை என் கையாலேயே எழுதினேன். புலவர் தமிழ் வேண்டாம், நாலு பேருக்குப் புரிகிற தமிழ் போதும் என்று ஒரே வாக்கியம்:

"மூன்றாம் பிரிவில் நான்காம் வரி நீக்கப்பட வேண்டும்."

எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள். நானே இரண்டு தடவை படித்து ரசித்தேன்.

மார்ச் 11, புதன்

வெற்றி! வெற்றி! அதுவும் எப்படி? ஒருமனதாக!

சாப்பாட்டு இடைவேளைக்குச் சற்று முன்னால் என் முறை வந்தது. எல்லோருக்கும் பசி. விவாதம் வேண்டுமா என்று பேரவைத் தலைவர் கேட்டார், யாருக்கும் வேண்டாம். திருத்தத்தைப் படித்தார். எங்கள் பக்கம் "ஆம்" என்றது. எதிர்ப்பக்கம் அதைவிடச் சத்தமாக "ஆம்" என்றது! காற்றடிப்பதைக்கூட எதிர்க்கிற ஆட்கள். வக்கீல் இரண்டு கையாலும் மேசையைத் தட்டினார். பேரவைத் தலைவரே ஒரு நிமிஷம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒரு நல்ல விஷயத்தை எளிய தமிழில் சொன்னால் எதிரிகூட ஒத்துக்கொள்வான். இதை எங்கேயாவது பேச வேண்டும்.

மார்ச் 12, வியாழன்

பால் அடுப்பில் ஏறுவதற்கு முன்னாலேயே ஃபோன்.

"எனக்குத் தெரியும்டி!" அக்காவுக்குக் குரல் தழுதழுத்தது. "வெளியில பாத்தா வீம்பு பண்றவ, உள்ளுக்குள்ள என் தங்கச்சி எனக்காக இதைச் செய்வான்னு எனக்குத் தெரியும். பேப்பர்ல போட்டிருக்கான். ரெண்டு தடவை படிச்சேன். முட்டி எப்படி இருக்கு?"

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஒரு விலக்கை எடுத்ததற்கு இவ்வளவு சந்தோஷமா என்று மனசின் ஒரு மூலையில் தோன்றியது. அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்புறம் பேப்பரைப் பிரித்தேன்.

"தங்கல் வரி ஒழிந்தது: பேரவை ஒருமனதாக முடிவு."

என்ன ஒழிந்தது? யார் ஒழித்தது? நானா?

அவைக்கு எப்படிப் போனேன் என்று நினைவில்லை. செயலாளர் அறையில் மசோதாவின் புதுப் பிரதி தயாராக இருந்தது. மூன்றாம் பிரிவில் பெரிய ஓட்டலின் விலக்கு அப்படியே கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. கீழே வரிகள் மூன்றுதான். நான்காவது இருந்த இடம் வெள்ளை.

"நான் இதை நீக்கச் சொல்லலையே! நான்காம் வரியை..."

"ஆமாங்க. அதைத்தான் நீக்கியிருக்கோம்" என்றார் செயலாளர் பொறுமையாக. "நிதி மசோதாவுல வரின்னா வரி. எழுத்து வரியைச் சொல்றதா இருந்தா அடின்னுதான் சொல்லணும். குழப்பம் வரக் கூடாதுன்னுதான் இந்தப் பழக்கமே. புது உறுப்பினர்களுக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்தோமே, நீங்க வரலையா?"

வரவில்லை. அன்று ஒரு பெண்ணுக்கு லைசன்ஸ் டெஸ்ட். மூன்றாம் முறை. நான் கூட வந்தால்தான் பாஸாவேன் என்று அழுதாள். பாஸாகிவிட்டாள்.

அடியாம். செய்யுளாம். எழுதி வைத்திருக்கிறேனே இங்கேயே, எவ்வளவு தெனாவட்டாக! இந்தப் பக்கத்தைக் கிழித்து விழுங்கலாம் போல இருக்கிறது.

இப்போதுதான் அந்த "ஆம்" புரிகிறது. எங்கள் பக்கம் நான் தாழ்வாரத்தில் சொன்னதை நம்பிச் சொன்ன ஆம். அவர்கள் பக்கம் காகிதத்தைப் படித்துச் சொன்ன ஆம். இரண்டு பேரும் இரண்டு வெவ்வேறு விஷயத்துக்கு ஒருமனதாக இருந்திருக்கிறோம்.

மார்ச் 13, வெள்ளி

பேரவைத் தலைவரைப் பார்த்தேன். பெரிய மனுஷர், என் முன்னால் சிரிக்கக் கூடாது என்று மென்று விழுங்கிக்கொண்டே விதியைச் சொன்னார். மசோதாவின் கடைசி வாக்கெடுப்பு திங்கட்கிழமை. அதற்கு முன்னால் திருத்தம் கொண்டுவந்தவரே எழுந்து, என் கருத்து இது இல்லை, இதுதான் என்று அவையில் விளக்கினால் பழைய முடிவு செல்லாது. திருத்தத்தை "அடி" என்று போட்டு மறுபடி வாக்குக்கு விடுவார். வேறு யாரும் எழ முடியாது. நான் மட்டும்தான்.

மறுபடி விடும்போது தோற்றால்? வரியும் திரும்பி வந்துவிடும், பெரிய ஓட்டலின் விலக்கும் நிலைத்துவிடும். அக்காவுக்கு இதைவிட மோசமாக ஒன்று நடக்க முடியாது. அதை நடத்தி வைத்தவள் நான் என்று இருக்கும்.

பேசாமல் இருந்தால்? எல்லோருக்கும் சந்தோஷம். பேருந்துக்குக் காத்திருப்பவர்களைத் தவிர.

மிட்டாய் என்னைத் திட்டுவார் என்று போனேன். திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "முதல்வர் ஜனங்க குஷியாத்தான் இருக்காங்க, விட்டுடலாமாங்கறார். பஸ் பட்டியலை வெட்டி நானே கையெழுத்துப் போடணும். உங்களைக் கட்டாயப்படுத்த என்னால முடியாது" என்று எனக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார்.

கேன்டீனில் வக்கீல் தன் டீயைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"அக்காவுக்குன்னா அக்காவுக்குன்னு நேரா சொல்லியிருக்கலாமே. எங்க பக்கத்துல உங்க மேல மரியாதையே வந்துடுச்சு."

"அது அக்காவுக்காக இல்லை."

"அப்போ யாருக்காக?"

சொல்ல ஆரம்பித்தேன். வரி, அடி, பத்தி. பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. டீ மூக்கில் ஏறி இருமினார். இருமி முடித்துவிட்டு, சிரிக்காமல், "திங்கட்கிழமை எழுந்திருக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்தால் லாட்ஜ் உரிமையாளர்கள் பூச்செண்டு அனுப்பியிருக்கிறார்கள். ஜாடி இல்லாததால் இவர் அதை மாப் பக்கெட்டில் வைத்திருக்கிறார்.

மார்ச் 14, சனி

சாயங்காலம் ஒரு பையனுக்குத் திருப்பத்தில் வண்டி நிறுத்தச் சொல்லிக்கொடுக்க நானே போனேன். காலடியில் பிரேக் இருந்தால் மனசு சும்மா இருக்கும். அந்தப் பையன் நேராகப் பேருந்து நிறுத்தத்தை நோக்கி விட்டான். நான் பிரேக்கை மிதித்தேன். முட்டி வலியில் உயிர் போயிற்று. கண்ணைத் திறந்தால் எதிரில் அக்கா லாட்ஜில் விரிப்புத் துவைத்து மடிக்கிற அம்மா பையோடு நிற்கிறார்.

"பஸ்ஸு நிக்கப் போகுதாமே, நிஜமாங்க?" என்றார் ஜன்னலில் குனிந்து. "நிஜம்னா நான் வேலையை விட வேண்டியதுதான். விரிப்பு காஞ்சு மடிக்கறதுக்குள்ள இருட்டிடுது. நடந்து போற தூரமா அது?"

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"எங்க சொல்றது. அவங்க ரெண்டு நாளா தரையிலயே கால் வைக்கலை. எங்க எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தாங்க. என் தங்கச்சி எனக்காகச் செஞ்சா, என் தங்கச்சி எனக்காகச் செஞ்சான்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டிருக்காங்க. நானும் கேக்கைத் தின்னுட்டு எப்படிங்க சொல்றது?"

பேருந்து வந்தது. அவர் ஏறிக்கொண்டார். பையன், "மேடம், கிளட்ச்சை விடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

மார்ச் 15, ஞாயிறு

அக்காவிடம் முதலில் சொல்லாமல் அவையில் சொல்லக் கூடாது என்று காலையிலேயே போனேன். வரவேற்பு மேசையில், ஒன்பது சாவிகள் தொங்கும் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். முட்டிக்கு ஒரு தலையணை. ஐயோ, தலையணை!

சொன்னேன். வரி என்று எழுதியது, அடி என்று எழுதியிருக்க வேண்டியது, நாளைக்கு எழுந்து நிற்கப் போவது, துணி மடிக்கிற அம்மா, பேருந்து. எல்லாம். அவள் வரியைப் பற்றிக் கத்துவாள் என்று தயாராகப் போயிருந்தேன்.

அவள் கத்தவில்லை.

"அப்போ எனக்காகச் செய்யலையா?"

"பெரிய ஓட்டல் விலக்கை எடுக்கணும்னு உனக்காகத்தான்கா..."

"அதைக் கேக்கலை. இது. இந்த வாரம் பூரா நான் சந்தோஷமா இருந்தேனே, இது. இது தப்பா நடந்ததா?"

என்ன சொல்றது நான்? ஆமான்னேன். வேற என்ன சொல்றது. பொய் சொல்லியிருக்கலாம். எண்ணெய் தேய்ச்சேன்னு தினம் சொல்ற பொய் மாதிரி ஒண்ணு. வாயில வரலை.

"தப்பா நடந்தாலும் நல்லபடியா நடந்ததுடி. அப்படியே விட்டுடேன். எனக்காகன்னே இருந்துட்டுப் போகட்டுமே."

"முடியாதுக்கா."

அவள் தலையணையை எடுத்துக்கொண்டாள். என் முட்டிக்குக் கீழே இருந்து, மெதுவாக, வலிக்காமல். அப்புறம் மேசைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, வந்து நின்ற ஒரு விருந்தாளியிடம், "சொல்லுங்க சார்" என்றாள்.

காரில் உட்கார்ந்து அழுதேன். ஓட்டுநர் பள்ளிக் கார், மேலே பெரிய போர்டு. தெருவில் போகிறவர்கள் யாரோ டெஸ்டில் தோற்றுவிட்டாள் என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 16, திங்கள்

எழுந்தேன்.

"தலைவர் அவர்களே, என் திருத்தத்தில் நான் வரி என்று சொன்னது வரியை அல்ல. வரியை" என்று ஆரம்பித்தேன். இரவு முழுக்கத் தயாரித்தது இதுதான்!

அவை கொல்லென்று சிரித்தது.

"உறுப்பினர் எந்த வரியைச் சொல்கிறார்?"

"எழுதுகிற வரியை."

"அப்படியென்றால் அடி."

"ஆமாம், தலைவர் அவர்களே. அடிதான். எனக்குத்தான்."

இதற்குச் சிரித்த சிரிப்பில் எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது. மீதியைச் சாதாரணமாகப் பேசினேன். என் அக்காவுக்கு ஒன்பது அறை லாட்ஜ் இருக்கிறது, இந்த வரி போனால் அவளுக்கு லாபம், வரி இருந்தால் அவளுக்குக் கஷ்டம், அது எல்லோருக்கும் தெரியட்டும் என்றேன். நாம் இத்தனை காலம் கேட்டு வாங்கிய உரிமை, எழுத்துப் பிழையால் ஒரு வரியை ஒழிப்பதற்கா என்று கேட்டேன். வரி போடுவதானால் பெரியவர் சின்னவர் பார்க்காமல் போடுவோம், முடியாதென்றால் எல்லோர் முன்னாலும் எழுந்து முடியாதென்று சொல்லி ஒழிப்போம், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவர்களுக்கு யார் நிறுத்தினார்கள் என்றாவது தெரியும் என்றேன்.

பழைய முடிவு செல்லாது என்று தலைவர் அறிவித்தார். தங்கல் வரி திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுத்து என் திருத்தம், இந்தத் தடவை அடி என்று. சரியான நேரம் பார்த்து எங்கள் வரிசையில் இரண்டு நாற்காலிகள் காலி. இரண்டு பேரும் சனிக்கிழமை ஏரிக்கரை ஓட்டலில் விருந்து சாப்பிட்டவர்களாம். இன்று ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கும் வயிற்று வலி. எதிர்ப்பக்கத்தைவிட எங்களுக்கு அதிகம் இருப்பதே ஒரு ஓட்டுதான். போச்சு, இப்போது வரியும் இருக்கும், விலக்கும் இருக்கும், எனக்கு அக்கா மட்டும் இருக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

எதிர்ப்பக்கத்தில் வக்கீல் எழுந்தார். "இந்த வரி கூடாது என்பது என் கருத்து. இன்றும் அதேதான். ஆனால் இருக்கப் போகிறது என்று ஆகிவிட்டால் எல்லோருக்கும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தன் கட்சிக்காரர்கள் சட்டையைப் பிடித்து இழுப்பதற்குள் கையைத் தூக்கிவிட்டார்.

ஒரே ஓட்டில் ஜெயித்தது. விலக்கு ஒழிந்தது. மிட்டாய் வாயில் இருந்ததைக் கடித்து நொறுக்கிய சத்தம் எனக்குக் கேட்டது. விலக்கு போனதும் இரண்டு பேரின் வயிற்று வலியும் குணமாகி நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்கள், கடைசி வாக்கெடுப்பில் மசோதாவும் நிறைவேறியது.

வெளியே வரும்போது வக்கீலுக்கு நன்றி சொன்னேன். "எனக்கெதுக்கு? ஒரே ஒரு அடிக்கு இவ்வளவு கூட்டம் நான் கோர்ட்லகூட பாத்ததில்லை" என்றார்.

மார்ச் 17, செவ்வாய்

ஃபோன் இல்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது.

மார்ச் 22, ஞாயிறு

லாட்ஜ் உரிமையாளர்களிடமிருந்து இந்தத் தடவை பூச்செண்டு இல்லை. பழையதைத் திருப்பிக் கேட்காதவரை சரி என்கிறார் இவர். பக்கெட் காலியாகிவிட்டதால் தரை துடைக்கிறார்.

லாட்ஜ் வழியாகப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அக்கா. என் காரைப் பார்த்தாள். போர்டோடு வருகிற காரைப் பார்க்காமல் இருக்க முடியாது. சாவிப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லாச் சாவியும் தொங்குகிறது, அப்படி என்ன தேடுகிறாள்?

கோபமென்றால் திட்டுவாள். இது கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 6, திங்கள்

மாலைப் பேருந்துகள் தொடரும் என்று அறிவிப்பு வந்துவிட்டது. துணி மடிக்கிற அம்மா நிறுத்தத்திலிருந்து கையசைத்தார். நானும் அசைத்தேன். அந்த நேரத்தில் பையன் விளக்குக் கம்பத்தைத் தடவிவிட்டான்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அக்காவுக்குப் பிறந்தநாள். கூப்பிட்டேன். ரிசீவரை எடுத்தாள், பேசவில்லை, வைக்கவும் இல்லை. நான் வாழ்த்துச் சொன்னேன். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் வைத்துவிட்டாள்.

இன்று முழுக்க யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

மே 1, வெள்ளி

தங்கல் வரி இன்று முதல் அமல். மிட்டாய் பேட்டி கொடுத்தார். நான் பேட்டி கொடுக்க வேண்டாம் என்று அன்பாகக் கேட்டுக்கொள்ளப்பட்டேன்.

மே 3, ஞாயிறு

விசித்திரம். தெரியாத ஒருவர் ஃபோன் செய்து, "இந்த வரி எதுக்குங்க?" என்று கேட்டார். பேருந்துக்கு என்றேன். "சரிங்க" என்று வைத்துவிட்டார். என் நம்பர் எப்படிக் கிடைத்தது?

மே 4, திங்கள்

இன்று நான்கு பேர். கடைசி ஆளைப் பிடித்து வைத்துக் கேட்டேன். சிரித்தார்.

"இங்க லாட்ஜ் மேசையில போர்டு வச்சிருக்காங்க மேடம். படிக்கட்டுமா? 'தங்கல் வரி போட்டது நானில்லை, என் தங்கை. விளக்கம் வேண்டுவோர் அவளை நேரடியாகக் கேட்கவும்.' கீழே உங்க நம்பர். பெரிசா எழுதியிருக்காங்க."

இவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. "என் தங்கை" என்றுதானே எழுதியிருக்கிறாள்? உறுப்பினர் என்று எழுதவில்லையே?

மே 6, புதன்

பால் காய்ந்துகொண்டிருந்தது. ஃபோன் அடித்தது. லாட்ஜ் நம்பர். ஓடிப் போய் எடுத்தேன்.

ஒரு ஆண் குரல். தொண்டையைச் செருமிக்கொண்டு, "மேடம், தங்கல் வரி பத்தி ஒரு சந்தேகம்" என்றார்.

"கேளுங்க."

"ஒரு நிமிஷம் மேடம்." யாரோ பக்கத்தில் கிசுகிசுப்பாகச் சொல்வதும் அவர் "என்னது? என்னதுங்க?" என்பதும் கேட்டது. "ஆங். முட்டி வலி எப்படி இருக்குன்னு கேக்கச் சொல்றாங்க."

"பரவாயில்லைன்னு சொல்லுங்க" என்றேன் எப்படியோ.

"பரவாயில்லையாங்க" என்று அந்தப் பக்கம் ஒப்பித்தார். மறுபடி கிசுகிசுப்பு. "எண்ணெய் தேய்ச்சீங்களான்னு கேக்கறாங்க."

"தேய்ச்சேன்."

"தேய்ச்சாங்களாம்... பொய்யாம் மேடம்."

"அவங்களையே பேசச் சொல்லுங்களேன், சார்."

"நானும் அதைத்தான் சொன்னேன் மேடம். வரி போட்டவங்ககிட்ட பேச மாட்டாங்களாம்." பாவம், அவருக்கு அறையைக் காலி செய்து வண்டி பிடிக்க வேண்டியிருக்கும். "தினமும் இதே நேரத்துக்கு யாராவது ஒரு விருந்தாளி கூப்பிடுவாங்களாம். ஃபோனைப் பக்கத்துலயே வச்சுக்கச் சொல்றாங்க. அப்புறம், பாலைப் பாக்கச் சொல்றாங்க."

பார்த்தேன். சரியான சமயம்தான், அடுப்பைத் தணித்தேன்.

அவளிடம் ஒன்பது அறை இருக்கிறது. பேசுவதற்கு ஆள் கிடைக்காமல் போகாது.